எஸ்கேப்பா, கன்ட்ரோலா? டெர்மினலில் கட்டளையைத் திருத்தும் இரண்டு வழிகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கீழக்கரையிலிருந்து தொண்டி வரை ஐஸ் கம்பெனிகள், இறால் ஏற்றுமதிக் கூடங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல் பாஷ். அதில் தட்டிய கட்டளையைத் திருத்த ஈமேக்ஸ் முறை, விஐ முறை என இரண்டு உண்டு; இரண்டும் பழைய உரைத் திருத்திகளின் பெயர்கள். இரண்டு ஆண்டுகள் விஐயில் கிடந்துவிட்டு, போன மழைக்காலத்தில் ஈமேக்ஸுக்குத் திரும்பிவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஈமேக்ஸில் கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கம், கன்ட்ரோல்-ஈ முடிவு. கன்ட்ரோல்-டபிள்யூ கர்சருக்கு இடப்பக்கம் உள்ள சொல்லை வெட்டும். கன்ட்ரோல்-ஒய் வெட்டியதை ஒட்டும். விஐயில் எஸ்கேப் அழுத்தியதும் எழுத்துகளே கட்டளைகளாகிவிடும்: 0 தொடக்கம், டாலர் குறி முடிவு, டி-டி தட்டினால் வரியே காலி. பழைய கட்டளையைத் தேடும் கன்ட்ரோல்-ஆர் இரண்டிலும் உண்டு. வேகத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

என்னைத் திருப்பியது வேறு. பாஷ் எங்கே நிறுவப்பட்டாலும் பெரும்பாலும் ஈமேக்ஸ் முறையில்தான் விழிக்கும். விஐ வேண்டுமென்றால் 'செட் -ஓ விஐ' என்று நாமே சொல்ல வேண்டும். என் மடிக்கணினியில் சொல்லிவைத்தேன்; விரல்களும் பழகிவிட்டன. ஒருநாள் செல்பேசி இணையம் வழியாக வாடிக்கையாளர் ஒருவரின் சர்வருக்குள் நுழைந்து, கணக்குக் கோப்புறையை நகலெடுக்கும் கட்டளையைத் தட்டினேன். கடைசிச் சொல் 'பேக்கப்'. அதை 'ஓல்டு' என்று மாற்ற நினைத்து எஸ்கேப், பி, சி, டபிள்யூ என்று விரல்கள் ஓடின; விஐயில் ஒரு சொல் பின்னே போய் அதை மாற்றும் வரிசை அது. ஈமேக்ஸ் முறையில் எஸ்கேப்புக்குப் பின் வரும் பி, கர்சரை ஒரு சொல் பின்னே கொண்டுபோகும். அதுவரை எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த சி, டபிள்யூ இரண்டும் வெறும் எழுத்துகளாக விழுந்தன. எழுத்துகள் திரைக்கு வரத் தாமதமானதால் பார்க்காமலே எண்டரைத் தட்டிவிட்டேன். 'சிடபிள்யூஓல்டுபேக்கப்' என்று ஒரு கோப்புறை பிறந்தது. மறுநாள் அரைமணி நேரம் நகலைத் தேடிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

எல்லாச் சர்வரிலும் விஐயை வைத்துவிடலாமே என்பீர்கள். அந்தச் சர்வர்களின் பயனர் கணக்கில் நான் மட்டும் நுழைவதில்லை. கணக்குப் பார்க்கும் தம்பி வந்து கன்ட்ரோல்-ஏ அழுத்துவார்; கர்சர் தொடக்கத்துக்குப் போகாது; எனக்குப் போன் வரும். புது இயந்திரம் வரும்போதெல்லாம் இதே அமைப்பு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

உப்புக்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கரையோரக் கூடங்களில் விசைப்பலகைகள் சீக்கிரம் மக்கர் செய்யும். ஓரிடத்தில் எஸ்கேப்பைக் கட்டைவிரலால் அமுக்கித்தான் வேலை வாங்கினேன். பலகையில் எஸ்கேப் ஒன்று; கன்ட்ரோல் வழக்கமாக இரண்டு.

விஐயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தத் திருத்தி, பில் ஜாய் என்ற நிரலாளர் 1976-இல் எழுதியது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற பழைய கணினி முனையத்தில், இன்று டேப் இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. விரலுக்கு எட்டும் தூரம். நீளமான கட்டளையில் 'மூன்று சொல்லை அழி' என்பதை 3, டி, டபிள்யூ என்று சொல்வதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் தமிழில் தட்ட உதவும் தமிழ்99 விசைமுகத்தை அணைக்க மறந்தால் டி விசை 'உ' தரும். விஐக்கு அது கட்டளை இல்லை. என் உபுண்டுவில் கன்ட்ரோல் சேர்க்கைகள் தமிழ் இயக்கத்தில் இருக்கும்போதும் வேலை செய்கின்றன.

ஈமேக்ஸ் பக்கமும் குழிகள் உண்டு. கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைந்தாற்போல நிற்கும். கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் விடும். உலாவிக்குள் டெர்மினல் திறந்திருந்தால் கன்ட்ரோல்-டபிள்யூ அந்தத் தாவலையே மூடிவிடலாம். மேக்கில் 2019 முதல் பாஷுக்குப் பதில் இயல்பாக வரும் ஜெட்-ஷெல்லை (zsh) நான் அதிகம் தொட்டதில்லை. தொட்டவரைக்கும் கன்ட்ரோல்-யூ அங்கே முழு வரியையும் அழிக்கிறது. பாஷில் கர்சருக்கு இடப்பக்கம் உள்ளதை மட்டும். எந்த உரைத் திருத்தி வேண்டும் என்று குறித்துவைக்கும் எடிட்டர் (EDITOR) மாறியில் 'விஐ' என்று இருந்தால் ஜெட்-ஷெல் கேட்காமலே விஐ முறைக்குப் போய்விடும். மேக் வைத்திருப்பவர்கள் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.