டீசல் பம்ப் சர்வீஸ் என்று 47,500 ரூபாயை விழுங்கிய கடை: விசைப்படகு வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனது 47,500 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறக்குகிற நேரத்தில் யார் கையில் இவ்வளவு பணம் இருக்கும்? அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டுச் செலவோடு சரி. பலகை வேலை, பெயிண்டு, புது மடி (இழுவலை) என்று ஏற்கெனவே வட்டிக்கு வாங்கியாகிவிட்டது. அதற்கு மேலே நகையை வைத்துக் கொடுத்த பணம் இது.

கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் கேஸ் போடுவேன் என்று அந்தக் கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். லாரி, போர்வெல் வண்டி, படகு எல்லாவற்றுக்கும் டீசல் பம்ப் வேலை பார்க்கிற, பம்ப்பை ஏற்றி ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சு சொந்தமாக வைத்திருக்கிற கடை. இவ்வளவு போதும்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரே ஒரு விசைப்படகு வைத்துப் பிழைக்கிறேன். ஆறு சிலிண்டர் இன்ஜின், சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு எலிமென்ட் வரிசையாக இருந்து டீசலை அழுத்தி அனுப்புகிற லைன் பம்ப். தடைக்காலத்துக்கு முன்பே ஒரு குறை காட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். கடலில் மடி வாங்கும்போது (வலையை மேலே இழுக்கும்போது) ஐடிலில், அதாவது குறைந்த வேகத்தில், விட்டால் மிஸ் அடிக்கும். நின்றுபோனால் சூட்டோடு மறுபடி பிடிக்காது, ஆறவிட்டால்தான் பிடிக்கும். டிரைவர் பில்டர் மாற்றினார், ஏர் எடுத்தார், டேங்கு அடியில் தண்ணீர் வடித்தார், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பீடு பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "பம்ப்புல எலிமென்ட் தேஞ்சிருச்சுண்ணே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். எலிமென்ட் என்பது ஒரு பேரல், அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தேய்ந்துவிட்டால் அந்த வழியாக டீசல் கசியும். பம்ப் வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் இருக்காது, குறை மறைந்துவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும், அதுவும் சூட்டில் டீசல் இளகியிருக்கும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நாசிலைத் திறக்கிற அளவுக்கு அழுத்தமே வராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் என்ன வித்தை காட்டினார் என்று அப்போதுதான் விளங்கும்.

பம்ப்பைக் கழற்றி சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சூட்டுல ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அங்கேயே பாதி நம்பிவிட்டோம். டீ வந்தது. பாம்பனில் யார் படகுக்குப் பார்த்தேன், தொண்டியில் யார் படகுக்குப் பார்த்தேன் என்று வரிசையாகச் சொன்னார். கண் முன்னாலேயே பம்ப்பைத் திறந்து, ஒரு பிளஞ்சரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மங்கலாகத் தேய்ந்திருந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "ஆறும் போச்சுண்ணே. டெலிவரி வால்வும் சேர்த்து மாத்திருங்க. கடல் காசுண்ணே, அதுல கை வச்சா எனக்கு வெளங்குமா?" என்றார். இந்த வார்த்தை இன்னும் காதில் கிடந்து எரிகிறது.

நாசில், கேஸ்கட், லேபர், பெஞ்சு சார்ஜ் எல்லாம் சேர்த்து 47,500. முன்பணமாகப் பாதி, மீதி பம்ப் வாங்கும்போது. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் கூடும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: எலிமென்ட் 6, டெலிவரி வால்வு 6. பழைய சாமான்களைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போட்டாச்சாம். பம்ப்புக்குப் புதுப் பெயிண்டு அடித்து, ஈயச் சீல் வைத்து, பெஞ்சில் ஏற்றி ஓடவிட்டுக் காட்டினார். ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நின்றது. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. ஓட்டிக் காட்டிய வேகம் எது? மேல் வேகம். ஐடில் வேகத்திலோ ஸ்டார்ட்டிங் வேகத்திலோ ஓட்டிக் காட்டவே இல்லை.

படகில் ஏற்றினோம். கரையில் ஆறிய இன்ஜின், ஜம்மென்று பிடித்தது. இழுவையும் கூடியிருந்தது, புகை மட்டும் கொஞ்சம் கறுப்பு. புது எலிமென்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று போனில் சொன்னார். மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனோம்.

முதல் பாட்டிலேயே (பாடு என்றால் ஒரு தடவை போய் வலை போடுவது) மடி வாங்கும்போது இன்ஜின் நின்றது. அடித்துப் பார்த்தோம், பேட்டரிதான் இறங்கியது. கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, இன்ஜின் இல்லாத படகை எந்தப் பக்கம் தள்ளும் என்று பாக் நீரிணையில் தொழில் செய்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை எல்லையைத் தாண்டிவிட்டால் படகும் போச்சு, ஆட்களும் போச்சு. பக்கத்தில் இருந்த ராமேஸ்வரத்துப் படகுக்காரர்கள் தங்கள் பாட்டை விட்டுவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் போன டீசலுக்கும் ஐஸுக்கும் நான் என்ன கணக்குச் சொல்ல?

இனிமேல்தான் கூத்து. முதலில், "டைமிங் தப்பா வச்சிருப்பீங்க" என்றார் கடைக்காரர். பம்ப் டீசல் அனுப்புகிற நேரம் இன்ஜின் சுற்றோடு ஒத்துப்போவதுதான் டைமிங். இங்கேயே இருக்கிற பழைய மெக்கானிக் ஒருவரை வைத்துப் பார்த்தோம். முதல் டெலிவரி வால்வைக் கழற்றி, ஃபிளைவீலை மெல்லத் திருப்பி, சொட்டு நிற்கிற இடத்தைக் குறியோடு ஒத்துப் பார்த்தார். டைமிங்கில் குறையே இல்லை. அப்புறம், "உங்க டீசல்ல தண்ணி" என்றார். அடுத்து, பம்ப்பைக் கொண்டுவாங்க, ஆனால் முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். இத்தனைக்கும் முதலாளி இவர்தான். கடைசியாகக் கடைப் பையன் போனை எடுத்து, "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்றான். காலை பத்து மணிக்கு!

அந்த மெக்கானிக்கே மேற்கொண்டு பார்த்தார். இன்ஜினை ஐடிலில் விட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தினார். ஓடுகிற சிலிண்டர் என்றால் சத்தம் இறங்க வேண்டும். நாலாவதைத் தளர்த்தியபோது எந்த வித்தியாசமும் இல்லை. நாலாவது இன்ஜெக்டரையும் இரண்டாவதையும் மாற்றிப் போட்டார். மிஸ் அப்போதும் நாலிலேயே நின்றது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, இன்ஜெக்டரும் குற்றவாளி இல்லை, பம்ப்தான் என்றார். (நட்டைத் தளர்த்தும்போது முகத்தையோ கையையோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஏறிவிடும், விளையாட்டில்லை.)

வேறு ஒரு கடையில் கொடுத்துத் திறந்தோம். ஆறும் பழைய எலிமென்ட். முதல் கடைக்காரர் வெளிச்சத்தில் காட்டினாரே, அதே மங்கிய தேய்மானக் கோடு. நாலாவதில் துருக் குழி வேறு. ஒரே ஒரு பாடு போனதில் புது பிளஞ்சர் அப்படித் தேயுமா? துடைத்து, பெயிண்டு அடித்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறார். இழுவை எப்படிக் கூடியது என்பதும் அங்கேதான் தெரிந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில், அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார். கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான். அப்படியே ஓட்டியிருந்தால் டீசலும் தின்னும், பிஸ்டனும் வெந்து போயிருக்கும். இந்தக் கடையில் ஐடில் வேகத்தில் பெஞ்சில் ஓட்டினார்கள். நாலாவது குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது.

முதல் கடைக்காரருக்குப் போட்டோவும் வீடியோவும் அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "சீலை வெட்டிட்டீங்க, வாரண்டி இல்ல." சீலை வெட்டாமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? எக்ஸ்ரேயா எடுப்பது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதும், "படகு வியாபாரத்துக்கு, அந்தக் கேஸை எடுக்கமாட்டாங்க" என்று சட்டம் பேசினார். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காகப் பெறும் பொருளும் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து இராமநாதபுரம் நுகர்வோர் குறைதீர் ஆணையம். துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, பணம் போன கணக்கு என் போனில் இருக்கிறது. 47,500 ரூபாய்க்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. கடையில் பம்ப்பைத் திறந்து காட்டும்போதே எலிமென்ட் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள், பிளஞ்சரில் பொறித்திருக்கும் நம்பர் தெரிகிற மாதிரி. புதுசை உங்கள் எதிரே டப்பாவிலிருந்து பிரித்து மாட்டச் சொல்லுங்கள். பழையதைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள். பெஞ்சில் ஸ்டார்ட்டிங் வேகம், ஐடில், மேல் வேகம் மூன்றிலும் ஓட்டி, அளவைப் பேப்பரில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாத வேலையே வேண்டாம். ஏற்றியதும் கரையிலேயே இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, உடனே அடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் படகைக் கட்டிப் போடுங்கள். மிச்சத்தைக் கமெண்டில் கேளுங்கள், ராத்திரி வந்து சொல்கிறேன். இப்போது பம்ப் ஏற்ற ஆள் வந்து நிற்கிறார்.