அம்பாறைக் காணொளியும் காலைப் பத்திரிகையும்

2018 பெப்ரவரி 26 இரவு, இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்று கூட்டம் கூடியது. சிங்களம் சரிவரப் புரியாத கடைக்காரர் பயத்தில் ஆமாம் போட்டது காணொளியாகி முகநூலில் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி.

காணொளி கண்முன்னே நடப்பதுபோல் நம்பவைக்கிறது, சரிபார்ப்பவர் யாருமில்லை. பத்திரிகை மெதுவானது, ஆனால் ஆசிரியர் பீடம் உண்டு, பிழைக்குத் திருத்தம் கேட்கலாம். அதுவும் சுத்தமில்லை: தேவையே இல்லாத இடத்திலும் தலைப்பில் இனத்தை எழுதும் பழக்கம் அங்கேயும் உண்டு. கல்முனைச் சந்தையில் பக்கத்தில் நின்று மீன் வாங்குபவரைக்கூட அந்தத் தலைப்பின் வழியாகத்தான் பார்க்கிறோம், அது எனக்கு வலிக்கிறது. இருந்தும் நான் பத்திரிகைக்கே காத்திருப்பேன்.