பட்அவுட் பட்டிங் பயிற்சிக் கருவி: வீட்டில் பழகியது கிரீனில் கைகொடுக்குமா?

கோல்ஃப் ஆட்டத்தில் வீட்டுக் கூடத்திலேயே பழகிக்கொள்ள இடம் தருவது பட்டிங்தான்; அதாவது கிரீன் எனப்படும், குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்பரப்பில் பந்தைக் குழியை நோக்கி உருட்டி அடிப்பது. அதற்கென்று விற்கப்படும் கருவிகளுக்கும் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பந்து இலக்கைத் தொட்டதா இல்லையா என்பதை மட்டுமே சொல்கின்றன. குழியில் விழாமல் போயிருந்தால் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்பதைச் சொல்வதில்லை. பிரிட்டனின் பட்அவுட் நிறுவனம் தயாரிக்கும் பிரஷர் பட் டிரெய்னர் அதைச் சொல்லிவிடுகிறது. நான் இதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முதற்காரணம்.

கருவியின் அமைப்பு எளிமையானது. தரையிலிருந்து மேல்நோக்கி வளைந்து எழும் ஒரு சிறிய சரிவு. அந்த வளைவு பரவளைய வடிவில் அமைக்கப்பட்டுள்ளது. நாம் அடித்த பந்து சரிவில் ஏறி, வேகம் அடங்கி, மீண்டும் நம்மை நோக்கி உருண்டு வருகிறது. உண்மையான குழியாக இருந்து பந்து அதைத் தவறவிட்டிருந்தால் எத்தனை தூரம் தாண்டி ஓடியிருக்குமோ, ஏறக்குறைய அத்தனை தூரம் திரும்பி வரும்படி வளைவு கணக்கிடப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து விலகி வந்த பந்து பக்கவாட்டில் வழிந்துவிடும். அது குழியில் விழுந்திருக்காது என்று பொருள். சரிவின் மேற்பகுதியில் பந்து தங்குமளவுக்கு ஒரு சிறு துளையும் உண்டு. திசையும் வேகமும் ஒருசேரத் துல்லியமாக அமைந்தால் மட்டுமே பந்து அதில் போய் நிற்கும். பயன்படுத்தாத நேரத்தில் கருவியை மடித்து மட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும் தூரத்துக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்பதை விளக்க வேண்டும். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழியின் நடுக்கோட்டில் சரியாக வரும் பந்து, நொடிக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் வேகம் வரை இருந்தாலும் உள்ளே விழுந்துவிடும் என்று இயற்பியலாளர் பிரையன் ஹோம்ஸ் 1991 இல் கணக்கிட்டுக் காட்டினார். மிதமான வேகமுள்ள சமதளக் கிரீனில், குழி இல்லாவிட்டால் அந்தப் பந்து இரண்டு மீட்டர் தாண்டிப் போயிருக்கும். வேகமாக வரும் பந்துக்குக் குழி சுருங்கிவிடும். நடுவிலிருந்து சற்று விலகினாலும் விளிம்பில் சுழன்று வெளியே வந்துவிடும். நாசாவில் பணியாற்றிவிட்டுப் பட்டிங் ஆய்வில் இறங்கிய டேவ் பெல்ஸ், தவறினால் குழியை 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர் அளவுக்குத் தாண்டி நிற்கும் வேகமே உகந்தது என்று சொல்லி வந்தார். எல்லாக் கிரீனுக்கும் அந்த ஒரே அளவு பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் வீட்டுப் பயிற்சிக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பந்தை மின்விசையால் தள்ளித் திருப்பி அனுப்பும் கருவிகளின் குறை புலப்படும். பந்து மெதுவாக வந்தாலும் விரைந்து வந்தாலும் அவை ஒரேபோல் திருப்பித் தள்ளுகின்றன. முன்னாலுள்ள மேட்டில் பந்து ஏறியாக வேண்டும் என்பதால், தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கவும் கை பழகிவிடுகிறது. பட்அவுட்டில் ஓங்கி அடித்தால் பந்து ஒன்றே கால் மீட்டர் திரும்பி வந்து கால் விரலருகே நிற்கும். ‘உள்ளே போயிற்று’ என்று நாம் கணக்கில் எழுதியிருக்கக்கூடிய அதே அடி, மைதானத்தில் ஒன்றே கால் மீட்டர் நீளமுள்ள இரண்டாவது ‘பட்’டை, அதாவது இன்னொரு பட்டிங் அடியை, நமக்கு வைத்திருக்கும் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

ஆயினும் கருவி நல்லதாக இருப்பது மட்டும் போதாது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளை அடித்துத் தள்ளினால், கேரம் பலகையில் காயை ஒரே இடத்தில் வைத்து ஒரே குழியில் போட்டுப் பழகியவரின் நிலைதான் நமக்கும் வரும். 1979 இல் ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகிய இருவரும் நடத்திய சோதனை கைத்திறன் ஆய்வுகளில் பெயர் பெற்றது. மூன்று வகைக் கையசைவுகளை ஒரு குழுவினர் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பழகினர். மற்றொரு குழுவினர் கலந்து கலந்து பழகினர். பழகும்போது முதற்குழுவே சிறப்பாகச் செய்தது. பின்னர் நினைவையும், புதிய வகை அசைவைச் செய்யும் திறனையும் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினர். கோல்ஃபுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனெனில் ஆட்டத்தில் அதே பட்டை இரண்டாம் முறை அடிக்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே இந்தக் கருவியுடன் ஒரே ஒரு பந்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்பது குழி ஆட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஒரு மீட்டர், அடுத்தது இரண்டரை, அதற்கடுத்தது ஒன்றரை என்று தூரம் ஒவ்வொரு முறையும் மாறட்டும். அடிப்பதற்கு முன் பந்தின் பின்னால் நின்று கோட்டைப் பார்ப்பது, மட்டையை ஒத்திகையாக அசைப்பது என்று மைதானத்தில் செய்யும் அனைத்தையும் இங்கும் செய்ய வேண்டும். பந்து சரிவில் ஏறி அரை மீட்டருக்குள் திரும்பி நின்றால் ஒரே அடியில் முடிந்ததாகக் கொள்ளலாம். அதற்கு மேல் வந்தால், அது நின்ற இடத்திலிருந்தே இரண்டாவது பட்டை அடிக்க வேண்டும். தாண்டிய தூரமும் திரும்பிய தூரமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மைதானத்தில் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதே நீளமுள்ள பட்தான் அது. இப்படி நம் பிழைக்குரிய விளைவை உடனே நம் முன் வைக்கும் வேறொரு வீட்டுக் கருவியை நான் கண்டதில்லை. பக்கவாட்டில் வழிந்த பந்துக்கு இரண்டு அடியாகக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பதாவது குழியில் கை சற்று இறுகுவதை உணர்வீர்கள். அந்த இறுக்கத்தோடு அடிக்கப் பழகுவதும் பயிற்சியே. எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் ஆட்டக்காரர்களே எட்டு அடித் தூரத்திலிருந்து, அதாவது சுமார் 2.4 மீட்டரிலிருந்து, ஏறத்தாழப் பாதி பட்களைத்தான் முதல் அடியில் போடுகிறார்கள்.

விரிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பந்து திரும்பும் தூரம் அது ஓடும் பரப்பைப் பொறுத்தது. வழவழப்பான விரிப்பில் 60 சென்டிமீட்டர் வருவது தடித்த கம்பளத்தில் 30 கூட வராது. சுருட்டி வைத்த விரிப்பில் மடிப்புத் தடம் இருந்தால் மெதுவாக வரும் பந்து அதில் பட்டுத் திசைமாறும். முதல் நாளே அதைத் தட்டையாகப் பரப்பி விட்டுவிடுவது நல்லது.

சமதளத்தில் வைத்துப் பழகும் எந்தக் கருவியும் கிரீனின் சரிவைப் படிக்கக் கற்றுத் தராது. இதுவும் அதற்கு விலக்கல்ல. வெப்பமான ஊர்களில் பெரும்பாலும் காணப்படும் பெர்முடாப் புல் கிரீன்களில், புல் சாய்ந்திருக்கும் திசைக்கேற்ப வேகம் மாறுவதையும் வீட்டில் உணர முடியாது. பத்து மீட்டர் பட்டுக்குக் கூடம் போதாது. ஆகையால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதானத்தின் பயிற்சிக் கிரீனில் கொஞ்ச நேரம் செலவிட்டே ஆக வேண்டும். அங்கே குழிக்குப் பின்னால் 45 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மட்டையைக் குறுக்கே கிடத்திக்கொண்டு, ஏற்றம், இறக்கம், பக்கச் சரிவு என்று இடம் மாற்றி மாற்றி ஒரே பந்தை அடித்துப் பாருங்கள். தவறிய பந்து குழியைத் தாண்டி மட்டைக்குள் நின்றால் வேகம் சரி.

வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே மைதானத்துக்குப் போகக் கிடைப்பவர்கள், குறிப்பாக இரண்டு மீட்டருக்குட்பட்ட பட்களில் அடிகளை இழப்பவர்கள், இதை வாங்கலாம். மட்டையைப் பிடிக்கும் விதமே இன்னும் நிலைப்படாத புதியவர்கள் அதே பணத்தை முதலில் ஒரு பயிற்சியாளரிடம் செலவிடுவது நல்லது. சரியான அடி எது என்பதைக் கருவி காட்டும். பந்து ஏன் பக்கவாட்டில் வழிகிறது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.