கனிவு 108, நம்ம 108: வண்டியில் யார் இருந்தால் நல்லது?

வாளையாறு, புளியரை, களியக்காவிளை என்ற தமிழ்நாடு-கேரள எல்லைகளில் இரண்டு மாநிலத்து 108 ஆம்புலன்ஸையும் பார்க்கலாம். ஒன்று 2008-இல் தொடங்கிய தமிழ்நாட்டு வண்டி. மற்றது 2019-இல் வந்த கேரளத்தின் 'கனிவு 108'. இரண்டிலும் ஓட்டுநரோடு ஒரு மருத்துவ உதவியாளர். வித்தியாசம் அந்த உதவியாளரில்தான்.

கேரளத்தில் நர்சிங் படித்தவர்கள். இங்கே நர்சிங் மட்டுமல்ல, விலங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டதாரிகளையும் எடுத்து, வகுப்பறை, மருத்துவமனை, வண்டி என்று சுமார் 50 நாள் பயிற்சி தருகிறார்கள்.

நடுவழியில் பிரசவம், சர்க்கரை இறங்கி மயக்கம் என்றால் எனக்கு நர்ஸ்தான் வேண்டும். ஊசி போட்டுப் பழகிய கைக்கு 50 நாள் ஈடாகாது. ஆனால் விபத்து வேறு கதை. நொறுங்கிய லாரியிலிருந்து கழுத்து அசையாமல் ஆளை இறக்குவதை வார்டில் யாரும் கற்றுத்தருவதில்லை. அதற்கு நர்ஸுக்கும் தனிப் பயிற்சி தேவை.

அப்புறம் ஆள் நிலைப்பது. நர்ஸுக்கு வெளிநாட்டு வேலை எப்போதும் கூப்பிடும். விலங்கியல் படித்தவருக்கு அந்த வாசல் கிடையாது. ஆனாலும் 12 மணி நேர ஷிஃப்டில் அவரும் எத்தனை வருஷம் தாங்குவார்?

நர்ஸை எடுத்து, சாலைப் பயிற்சியும் கொடுத்து, சம்பளத்தையும் கூட்டினால் என் ஓட்டு அதற்கே. சம்பளத்தைக் கூட்டமாட்டார்கள் என்றால் தமிழ்நாட்டு முறையே மேல்.