புருவ நடுவில் ஐந்து குத்து: பொட்டொக்ஸுடன் ஆறு வருடம்

2019 மார்கழியில் முதல் பொட்டொக்ஸ் ஊசி, தசையை ஓய வைத்து முகச் சுருக்கத்தைக் குறைக்கும் மருந்து. 2025 ஆகஸ்டில் போட்டது பதினோராவது. இடையில் நெற்றி முழுக்கப் போட்டுப் பார்த்து வருந்தினேன், வாய் ஓரத்துக்குப் பள்ளம் நிரப்பும் ஃபில்லர் போட்டுக் காசைக் கரைத்தேன், ஒருமுறை இடது இமை விழுந்து கலியாணவீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றேன். இவ்வளவுக்குப் பிறகும் ஏன் விடவில்லை என்று தங்கை கேட்கிறாள். தனக்கும் போடலாமா என்று அவளுடைய சிநேகிதி கேட்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வயது 53. பள்ளிக்கூடம் வீட்டுக்குக் கிழக்கே. காலையில் ஸ்கூட்டியில் போகும்போதும் வெயில் முகத்தில், பின்னேரம் திரும்பும்போதும் வெயில் முகத்தில். இருபது வருடம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் புருவ நடுவில் இரண்டு நெடுங்கோடு விழுந்துவிட்டது. சும்மா இருக்கும்போதும் முறைக்கிற முகம். வாயைத் திறக்க முதலே பிள்ளைகள் “டீச்சர், கோவமோ?” என்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், நான் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே “பிள்ளை இனிக் குழப்படி செய்யமாட்டான் டீச்சர்” என்று மன்னிப்புக் கேட்டா. அவவின் மகன் வகுப்பில் முதலாம் பிள்ளை. பாராட்டத்தான் கூப்பிட்டிருந்தேன்.

வயது தெரிவது எனக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை. தலைமயிருக்கு மை பூசுவதைக்கூட நிறுத்திவிட்டேன். இல்லாத கோபத்தை முகத்தில் சுமந்து திரிவதுதான் கரைச்சல். கனடாவில் இருந்து வந்த மச்சாள்தான் “அதுக்கு ஒரு ஊசி இருக்கு, அஞ்சு நிமிஷம்” என்று தேத்தண்ணி குடித்தபடி சொன்னா. அவ போட்டிருக்கிறா என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போட முதல் நான் படித்தேன், தொழில் புத்தி. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு செத்தவீட்டுக்கு வாசிக்க வந்த பாண்ட்காரர்கள் கெட்டுப்போன பன்றித்தொடை இறைச்சி சாப்பிட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள். அந்த இறைச்சியில் கண்டுபிடித்த பற்றீரியா உண்டாக்கும் நஞ்சுதான் இது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசற்றைல்கோலினை நரம்பு நுனியில் இருந்து வெளியே வரவிடாமல் மறிக்கும். கட்டளை வராத தசை சும்மா கிடக்கும். நானோகிராம் அளவில், சரியான தசைக்குள் போட்டால் அந்தத் தசை மட்டும் ஓயும். மாறுகண்ணுக்கும் தானாக மூடிக்கொள்ளும் இமைக்கும் 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. கண் இமைக்குப் போட்டவர்களின் புருவக் கோடும் போவதை வன்கூவரில் ஒரு கண் டொக்டர் கவனித்தா. தோல் டொக்டரான கணவரோடு சேர்ந்து 1992இல் எழுதினா. புருவக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் கிடைத்தது. ஆக, சுருக்கத்துக்கென்று புதிதாகக் கண்டுபிடித்த சாமான் அல்ல. அது எனக்குத் தைரியம் தந்தது.

“அது மச்சமோ, மரக்கறியோ?” என்று அம்மா கேட்டா. நல்லூர்க் கோயிலில் கொடி ஏறினால் முட்டைகூட வாங்காத வீடு. மருந்துக்குள் மனித இரத்தத்தில் இருந்து எடுக்கும் அல்புமின் சேர்க்கிறார்கள் என்று மருந்தோடு வரும் கடுதாசியில் போட்டிருந்தது. “இல்லை அம்மா, ஊசி” என்று மட்டும் சொன்னேன். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ இல்லைத்தானே.

தெரிந்த, நம்பிக்கையான தோல் டொக்டர் ஒருவர் அப்போது எனக்குக் கொழும்பில்தான் இருந்தா. வெள்ளவத்தையில் தங்கை வீடு இருப்பதால் தங்கும் செலவில்லை. டொக்டர் கதிரையைச் சரித்துவிட்டு, “பொட்டை எடுங்கோ” என்றா. ஒட்டுப்பொட்டை எடுத்துக் கைப்பையின் ஓரத்தில் ஒட்டினேன். முதல் ஊசி சரியாகப் பொட்டு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே. பிறகு ஒவ்வொரு புருவத்துக்கும் இரண்டு இரண்டாக நான்கு. ஒவ்வொரு குத்துக்கும் முதல் “முறையுங்கோ” என்பா, நான் முறைப்பேன், எழும்பும் தசையை விரலால் பிடித்துக் குத்துவா. காசு கொடுத்து முறைக்கிறேனே என்று சிரிப்பு வந்தது. மொத்தம் 20 யூனிட். எறும்பு கடித்த மாதிரித்தான். தோடு குத்தியது இதைவிட நோ.

குப்பியையும் காட்டினா. உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. பொடி அவ்வளவு கொஞ்சம், அடியில் ஒரு மங்கல் மட்டும். 100 யூனிட் குப்பிக்குள் இரண்டரை மில்லிலீற்றர் சேலைன் விட்டால், பத்தில் ஒரு மில்லிலீற்றரில் நான்கு யூனிட். ஐந்து குத்துக்கு இருபது. கணக்கை நானே மனதுக்குள் போட்டுப் பார்த்தேன், சரி வந்தது. யூனிட் விடயத்தில் ஒன்று: பிறகு ஒருமுறை அவ டிஸ்போர்ட் போட்டா, இதே நஞ்சில் இன்னொரு கொம்பனி செய்யும் மருந்து. அதில் இதே இடத்துக்கு 50 யூனிட். ஐயோ, இரண்டரை மடங்கா என்று பயந்துபோனேன். இரண்டு கொம்பனியின் யூனிட்டும் வேறு வேறு அளவுகோல், ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது. இதைத் தெரியாமல் “அங்கே அம்பது யூனிட் மலிவாம்” என்று விலை பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நான்கு மணித்தியாலம் படுக்கக்கூடாது, அன்று முழுக்க அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, உடம்பை வருத்தும் வேலை செய்யக்கூடாது. காலையில் போட்டால் இரவு பஸ்ஸுக்குள் நான்கு மணித்தியாலம் தாண்டிவிடும், சீற்றைச் சரித்துக்கொண்டு வரலாம். எங்கள் ஊருக்கென்று இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று ஹெல்மெற். நெற்றியை அழுத்தும் என்பதால் பஸ் இறங்கும் விடியக்காலை ஸ்கூட்டியை விட்டுவிட்டு ஓட்டோ. மற்றது திருநீறு. வந்து இறங்கியதும் அம்மா தட்டோடு நிற்பா, மூன்று விரலால் நெற்றியை அழுத்தி இழுத்துப் பூசுவா. “இன்றைக்கு ஒரு விரலால தொட்டு வைச்சா காணும்” என்று தடுத்தேன். ஊசியைக் கேட்டபோது ஒன்றும் சொல்லாதவ, அதற்குத்தான் முகம் சுழித்தா.

நாலாம் நாள் முறைக்கப் பார்த்தேன், பாதிதான் வந்தது. பத்தாம் நாள் வரவே இல்லை. முறைக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, புருவ நடு கேட்கவில்லை. நிறைய வேலை செய்து ஓய்ந்த கை மாதிரி அல்ல, அங்கே யாரும் இல்லாத மாதிரி. ஆனால் கோடு மறையவில்லை! இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முகத்தை அசைத்தால் வரும் கோடு போய்விடும். அசைக்காமலே கிடக்கும் ஆழமான கோடு முதல் முறையில் மெலியும், அவ்வளவுதான். என் இடது கோடு இன்றும் தலைமயிர் கனத்துக்கு இருக்கிறது. மூன்று மாதம் நல்லாக இருக்கும், நாலாம் மாதம் தசை திரும்ப எழும்பும்.

சில மாதத்தில் கொரோனா வந்தது. வாயும் மூக்கும் மாஸ்க்குக்குள், முகமென்று மிச்சம் இருந்தது புருவமும் கண்ணும்தான். ஊசியின் வேலை தீர்ந்து முறைப்புத் திரும்பிய பிறகு நான் மாஸ்க்கோடு வகுப்புக்குள் போனால் பிள்ளைகள் எழும்பி நின்ற விதமே வேறு. 2020 ஆகஸ்டில் இரண்டாவது போட்டதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது பேராசை. 2021 சித்திரையில் புருவ நடுவோடு நெற்றிக்கும் போடச் சொன்னேன். நெற்றித் தசைதான் புருவத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. ஐம்பதை நெருங்கி மேலிமை தொய்யத் தொடங்கியவர்கள் தெரியாமலே அந்தத் தசையால்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோம். அதை ஓய வைத்ததும் ஈரத் துவாயைத் தலையில் போட்டு இறுக்கிய மாதிரி ஒரு பாரம். புருவம் கீழே வந்து உட்கார்ந்தது. ஒரு புருவத்தை உயர்த்திப் பார்த்தாலே என் வகுப்பு அடங்கும், முப்பது வருடமாக உழைத்து வளர்த்த வித்தை அது. மூன்று மாதம் அது இல்லாமல் தொண்டையால் கத்த வேண்டி வந்தது. கண்ணாடி போல நெற்றி, பார்த்தவர்கள் வடிவு என்றார்கள். எனக்கு வேண்டாம்.

ஃபில்லரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது தசையை ஓய வைக்கும் மருந்து அல்ல, பள்ளத்தை நிரப்பும் பசை. ஹயலூரோனிக் அமிலம், நீரைப் பிடித்து வைத்திருக்கும். மூக்கில் இருந்து வாய் ஓரத்துக்கு வரும் கோட்டுக்கு ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்று, தேத்தண்ணிக் கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பக்கம் கண்டிப்போய் இரண்டு கிழமை மஞ்சளும் பச்சையுமாக நின்றது. பயன் எனக்கே தெரியவில்லை. இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையே போகலாம் என்பதைப் போட்ட பிறகுதான் வாசித்தேன், அது என் பிழை. போட்டதைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது கையில் இல்லாத இடத்தில் ஃபில்லருக்கு உட்காரக்கூடாது.

2022இல் ஒன்றும் போடவில்லை. டொலர் 200இல் இருந்து 360 பக்கம் போனது, பெற்றோலுக்கு வரிசை, பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், கரண்ட் இல்லாத நாட்டில் யார் ஃபிரிட்ஜை நம்புவது? கோடு பழையபடி திரும்பியது, ஆனால் முந்தியதைவிட மோசமாக இல்லை. விட்டால் முகம் இரட்டிப்பாகச் சுருங்கும் என்று பயமுறுத்துகிறார்களே, எனக்கு அப்படி நடக்கவில்லை.

2023 சித்திரையில் திரும்பப் போனேன். அனுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் தண்டவாள வேலை, ரெயில் இல்லை, போக வர பஸ்தான். ஆகஸ்டில் அடுத்தது. அந்த முறை என் டொக்டர் இல்லை. அதே கிளினிக்கில் வேறு ஒருவர் போட்டார், முறைக்கச் சொல்லவும் இல்லை, விரலால் பிடிக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் காலை பல் விளக்கும்போது கண்ணாடியில் இடது கண் பாதி நித்திரையில் இருந்தது. மருந்து பரவி இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டது. ஐந்து நாளில் தங்கை மகளின் கலியாணம்.

கிளினிக்குக்குப் போன் அடித்தேன். “தேய்ச்சீங்களா, குப்புறப் படுத்தீங்களா” என்று என்னிடமே விசாரணை. தேய்க்கவில்லை. என் பழைய டொக்டரைத் தேடிப் பிடித்ததும் அப்ராக்ளோனிடின் என்ற கண் சொட்டுமருந்து எழுதித் தந்தா. இமைக்குள் இருக்கும் இன்னொரு சின்னத் தசையைச் சுருங்க வைத்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தூக்கும். நான் ஏறி இறங்கிய பாமசி ஒன்றிலும் இல்லை. தங்கை வெள்ளவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டாள். கலியாணவீட்டுப் படமெல்லாம் வலது பக்கத்தில் இருந்து எடுத்தது. ஒரு பெரியம்மா “பாரிசவாதமோ மோனை?” என்று கையைப் பிடித்து அழத் தொடங்கிவிட்டா. கண்ணில கட்டி என்று சொல்லிச் சமாளித்தோம். ஐந்தாம் கிழமை இமை தானாகவே சரியானது. இமை மட்டும் விழுந்தால் பொறுக்கலாம். விழுங்கக் கஷ்டம், குரல் மாற்றம், மூச்சு முட்டல் வந்தால் கிளினிக்குக்கு அடித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் யாழ்ப்பாணத்திலேயே ஒரு அழகுநிலையத்தில் பாதி விலைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பயணச் செலவும் மிச்சம். ஒரு பிள்ளை மேசை லாச்சியில் இருந்து ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சை எடுத்தது. குப்பி எங்கே என்றேன். “மேடத்தின்ர வீட்டில” என்றது. எப்போது கரைத்தது? தெரியாது. கரைத்த மருந்தை 24 மணித்தியாலத்துக்குள் பாவிக்கச் சொல்கிறது கடுதாசி. 2004இல் ஃபுளோரிடாவில் ஆய்வுகூட நஞ்சை இப்படி ஊசியாகப் போட்டு நான்கு பேர் மூச்சுவிடும் மெசினில் கிடந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லி என்ன பிரயோசனம்? “தலையிடிக்குது, பிறகு வாறன்” என்று வெளிக்கிட்டுவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் இரண்டு கேள்விதான் சொல்லிக்கொடுக்கிறேன்: போடுகிறவரின் மருத்துவ சபைப் பதிவு என்ன, குப்பியை என் கண்முன் திறப்பீர்களா. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும், தசை பலவீனமாகும் மயஸ்தீனியா போன்ற நோய் உள்ளவர்களும் அந்தக் கேள்விவரைகூடப் போக வேண்டாம்.

செலவு? ஒவ்வொரு முறையும் என் மாதச் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல், அதோடு பஸ், சாப்பாடு. சீட்டுக் கட்டுகிற மாதிரி, ஆனால் கடைசியில் கழிவோடு கையில் காசு வராது. இந்தக் கணக்கில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். போன வருடம் கொப்பி திருத்தும்போது எழுத்து மங்குகிறது என்று கண் பார்க்கப் போனேன். வெள்ளெழுத்து, நாலைந்து வருடமாகவே இருந்திருக்கும் என்றார்கள். கண்ணாடி போட்ட நாளில் இருந்து நான் முறைப்பதே பாதியாகக் குறைந்துவிட்டது. ஸ்கூட்டிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன், மிச்சமும் குறைந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு ஊசியின் விலை இல்லை. தங்கையின் சிநேகிதியை முதலில் கண்ணைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவவும் டீச்சர்தான்.

ஆனாலும் புருவ நடுவுக்கு மட்டும், முறைக்கச் சொல்லிப் பிடித்துக் குத்துகிற அதே கையால் மட்டும், தொடர்கிறேன். வருடத்துக்கு மூன்று தரம் என்பதை இரண்டாக்கிப் பார்க்கும் யோசனை. ஒவ்வொரு மாதமும் ஒரே யன்னலடியில் நின்று சும்மா ஒரு படம், முறைத்து ஒரு படம் போனில் எடுத்து வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்ததில் இடது புருவம் லேசாக உள்ளே அசைகிறது. மார்கழி விடுமுறைக்கு இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது.