இரண்டாயிரம் ரூபாய் இயர்போனில் மிருதங்கத்தின் தொப்பி கேட்குமா?

புளூடூத் காலத்தில் வயர் எதற்கு என்று கேட்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். பாட்டுக் கேட்க மட்டும் ஒன்று வேண்டும், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டுப்படியாகாது என்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்ற வயர் இயர்போன். 2022இல் சந்தைக்கு வந்த மாடல். வந்த கொஞ்ச நாளிலேயே வாங்கியது, இன்றும் தினசரி ஓடுகிறது: மின்சார ரயிலில், சமையலுக்கு நடுவில், இரவு படுக்கையில்.

உள்ளே இருப்பது 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. இதற்கு முன்னால் கிட்டத்தட்ட இதே விலையில் வைத்திருந்தது, பக்கத்துக்கு இரண்டு டிரைவர் என்று அட்டையில் பெரிதாகப் போட்ட ரகம். பேஸும் தூக்கல், ட்ரெபிளும் தூக்கல். பாடுகிறவர் மட்டும் அடுத்த அறையில் நின்று பாடுவார். ‘ச’, ‘ஸ’ வருகிற இடமெல்லாம் காதில் சுரீரென்று ஏறும். கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் பிரமாதம் என்றுதான் தோன்றும், ஒரு முழுக் கச்சேரி கேட்டால் தலைவலி. டிரைவர் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். டியூனிங்தான் விஷயம், அதாவது எந்த ஒலியை எவ்வளவு தூக்கி, எதை அடக்கிக் கொடுப்பது என்பது. ஜீரோவின் டியூனிங், ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவின் குழுவினர் பலரையும் கேட்கவைத்துச் சோதித்து, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலியளவு இது என்று உருவாக்கிய ஹார்மன் வளைகோட்டைப் பெருமளவு ஒட்டியது. பேஸ் மட்டும் கொஞ்சம் அடக்கம்.

எந்த இயர்போன் கைக்கு வந்தாலும் நான் முதலில் போடுவது ஒரு தனி ஆவர்த்தனம், கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பூச்சு இருப்பதால் அந்தப் பக்கத்து ஒலிக்குத் திட்டமான சுருதி உண்டு (அதன் மேல்சுரங்கள் ஒத்திசைவாக அமைவதைப் பற்றி சி.வி.ராமன் 1920லேயே எழுதிவிட்டார்). அடி விழுந்ததும் அந்தச் சுருதி தம்பூராவோடு ஒட்டி நிற்கிறதா, இல்லை வெறும் ‘டிக்’ என்று முடிந்துவிடுகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் இடது பக்கம், தொப்பி. ரவையைப் பிசைந்து அப்பிய அந்தத் தோலில் மணிக்கட்டை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது ஒலி கீழிருந்து வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். பழைய இயர்போனில் அந்த ஏற்றமே கிடையாது, எல்லாம் ஒரே ‘தும்’. ஜீரோவில் ஏற்றம் முழுசாகக் கேட்கிறது. ஆனால் சபாவில் நான்காவது வரிசையில் உட்கார்ந்தால் நெஞ்சில் வந்து இடிக்குமே, அந்தக் கனம் இல்லை. இந்த விலையில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எனக்கு ஏற்றம் போதும்.

குரலும் வயலினும் இதன் பலம். வில் திரும்புகிற இடத்தில் வரும் சின்ன உராய்வு வரை கேட்கலாம். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கித்தார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகுமே, அதைக் கடைசி வரை விடாமல் பின்தொடர முடிகிறது. நாதஸ்வரம்தான் இடறும். 3 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் நம் காதே கூர்மை, இந்த டியூனிங்கும் அங்கேதான் தூக்கிக் கொடுக்கிறது. சத்தம் கூட்டினால் தவிலின் விரல்கூட்டு அடி அறைகிறது. நான் ஈக்வலைசரில் அந்த இடத்தை 2 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன், சரியாகிவிட்டது. கேசட்டிலிருந்து எடுத்த பழைய கச்சேரிப் பதிவுகளில் டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் ஒளிவுமறைவில்லாமல் வரும். அதற்கு இயர்போனைத் திட்ட முடியாது.

இவ்வளவும் இயர்டிப் (காதுத் துளைக்குள் நுழையும் மெத்தென்ற உறை) சரியாக அடைத்தால்தான். துளி இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ். ‘பேஸே இல்லை’ என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு டிப் அளவுதான் பொருந்தியிருக்காது என்பது என் சந்தேகம். என் இடது காதுத் துளை வலதைவிடச் சற்றுப் பெரிது. இடதில் பெரிய டிப், வலதில் நடுத்தரம் போட்ட பிறகுதான் தொப்பி ஒரு பக்கமாகச் சாயாமல் நடுவில் வந்து உட்கார்ந்தது. பெட்டியோடு வரும் எல்லா அளவையும் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நன்றாக அடைத்தால் ரயில் இரைச்சலும் குறையும், சத்தத்தையும் குறைவாகவே வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்.

ஒரு கட்டத்தில் வலது பக்கம் மங்கியது. வயர் கழற்றி மாட்டுகிற 0.78 மி.மீ. இரட்டைப் பின் ரகம் என்பதால் சோதிப்பது சுலபம். இடது, வலது இயர்போன்களை வயரில் இடம் மாற்றி மாட்டினால் போதும். மங்கல் இயர்போனோடு போனால் வயர் நல்லது. என் விஷயத்தில் குற்றவாளி, முனையிலிருக்கும் சல்லடையை அடைத்திருந்த காதழுக்கு. டிப்பைக் கழற்றி, துளை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் வந்துவிடும். நிமிர்த்தி வைத்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் போகும். வியர்வைக் காலத்தில் சல்லடையில் ஈரம் கோத்தாலும் இதே மங்கல்தான். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டுவைத்தால் காலையில் சரியாகிவிடும்.

மின்தடை 32 ஓம்தான் என்பதால் ஆம்ப்ளிஃபயர் எதுவும் வேண்டாம். போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லையென்றால் சாதாரண டைப்-சி டாங்கிள் (சார்ஜ் துளையில் செருகி இயர்போனை மாட்டும் குட்டி இணைப்பான்) போதும், சில டாங்கிள்கள் ஆண்ட்ராய்டில் சத்தம் குறைவாகவே தரும் என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். போன் பேச மைக் வேண்டுமா, மைக் வைத்த வயரோடு வாங்குங்கள். நெஞ்சில் இடிக்கிற பேஸ் வேண்டும் என்றால் இது உங்களுக்கில்லை. இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்க முடியுமானால் ட்ரூதியர் ஜீரோ ரெட் என்ற இயர்போனைக் கேட்டுப் பாருங்கள். அதோடு வரும் 10 ஓம் அடாப்டரை மாட்டினால் பேஸ் இன்னும் ஏறும். அதன் முனை கொஞ்சம் தடிமன், சின்னக் காதுக்காரர்கள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.