பொட்டாசியம் மாத்திரை: நல்ல மருந்து, பிழையான வேலை

தைரொய்ட் கூடிப்போய்த் திடீரெனக் கால் விழுந்தவர், வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும்போது மருந்துத் துண்டில் பல தடவை ஒரே வரிதான் இருக்கும்: பொட்டாசியம் குளோரைட் 600 மில்லிகிராம், தினமும். மாத்திரையில் குறை சொல்ல அதிகமில்லை. "தினமும்" என்ற சொல்லில்தான் குறை.

இந்த நோயில் (தைரொய்ட் கூடியதால் விட்டுவிட்டு வரும் தசைச் செயலிழப்பு) உடம்பில் பொட்டாசியம் தீர்ந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. தைரொய்ட் ஹோமோன் கூடினால் தசைக் கலங்களில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பி வேகமெடுத்து, இரத்தத்தில் உள்ளதை உள்ளே இழுக்கும். மாவும் சீனியும் சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் அதை இன்னும் முடுக்கிவிடும். பகல் முழுக்கத் தேயிலைக் கவ்வாத்து வெட்டியவர், இரவு நாலைந்து கோதுமை ரொட்டியும் சீனி தூக்கலான தேத்தண்ணியும் முடித்துப் படுக்கிறார். விடியப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) எழும்பப் பார்த்தால் தொடை தூக்க வராது. பேச்சு தெளிவு, மூச்சு சரி, காலைக் கிள்ளினால் வலிக்கிறது, விரல்கூட அசைகிறது. லயத்தில் இதற்கு வாதம் என்பார்கள், காத்துக் கறுப்பு என்பார்கள், வேலைக்கள்ளம் என்றும் சொல்வார்கள். தைரொய்ட் கூடும் நோய் பெண்களுக்கே அதிகம். இந்தத் தாக்கு மட்டும் பெரும்பாலும் 20 முதல் 40 வயது ஆண்களுக்கு வரும்.

இனி மாத்திரைக்கு வருவோம். ஒன்றில் 8 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்தது என்பதால் அவசரத்துக்கு ஏற்றதல்ல. உடைக்கவோ அரைக்கவோ கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீருடன் முழுசாக விழுங்க வேண்டும். கால் விழுந்து மல்லாந்து கிடப்பவர் வாயில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். தாக்கின்போது கரைசலே மேல்: 10 சதவீதக் கரைசல் 15 மில்லிலீட்டரில் 20 மில்லிமோல் கிடைக்கும். உப்பும் கசப்புமாக வயிற்றைப் பிரட்டும், அதனால் தண்ணீரில் கலக்கித்தான் கொடுக்க வேண்டும். ருசிக்காகக் கோர்டியல் ஊற்றுவது வீண்வேலை. அந்தச் சீனியே பொட்டாசியத்தைத் திரும்பவும் தசைக்குள் தள்ளும். தம்பிலியிலும் (செவ்விளநீர்) ஜீவனியிலும் (வாய்வழி உப்புச் சீனிக் கரைசல்) பொட்டாசியம் இருப்பது உண்மை, ஆனால் கூடவே சீனியும் இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து அளவில்தான். தாக்கு தணியும்போது உள்ளே ஒளிந்திருந்த பொட்டாசியம் தானாகவே வெளியே வரும். முன்பு கொட்டியதும் இதோடு சேர்ந்தால் அளவு எகிறி இதயத் துடிப்பைக் குழப்பும். மொத்தம் 90 மில்லிமோலைத் தாண்டினால் இந்த ஆபத்து கூடும். ஆகவே 50க்குள் நிறுத்தப் பார்ப்பதே கெட்டித்தனம். நரம்பு வழியாக ஏற்றினால் மணிக்கு 10 மில்லிமோல் அளவில், ஈ.சி.ஜி. மொனிட்டரைப் பார்த்தபடி, சாதாரண சேலைனில் கலந்து ஏற்ற வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசலில் கலந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இதெல்லாம் வீட்டுக் கட்டிலில் செய்யும் வேலை இல்லை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும்.

இரத்தம் தாக்கின்போதே எடுக்க வேண்டும், தணிந்த பின் எடுத்தால் பொட்டாசியம் சரியாகவே காட்டும். மலையகத்துக்கு இன்னொரு எச்சரிக்கை: வேறு ஊர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வரை பிரிக்காமல் குளிரில் கிடந்த இரத்தத்தில் செங்கலங்களிலிருந்து பொட்டாசியம் கசியும், மலைப்பாதையில் குலுங்கினாலும் அப்படியே. உண்மையில் 2.5 (குறைவு) இருந்தவருக்கு 3.6 (சாதாரணம்) என்று வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஈ.சி.ஜி.யில் பொட்டாசியக் குறைவைக் காட்டும் U அலை தெரிகிறதா என்று பார்ப்பது அதனால்தான். பொட்டாசியத்தோடு TSH, T4 என்ற தைரொய்ட் சோதனைகள் இரண்டையும் எழுதாத பரிசோதனைத் துண்டு அரைகுறைத் துண்டு.

தினசரி மாத்திரை அடுத்த தாக்கைத் தடுக்காது. தடுப்பது புரொப்ரனோலோல் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து): 20 முதல் 80 மில்லிகிராம் வரை, எட்டு மணிக்கு ஒரு தடவை, வைத்தியர் சொல்லும் அளவில். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. கூடவே கார்பிமசோல். அது தைரொய்டை அடக்கச் சில வாரம் எடுக்கும், அந்த இடைவெளியில் புரொப்ரனோலோலை விட்டால் திரும்பவும் கால் விழும். கார்பிமசோல் குடிக்கும்போது காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே வெள்ளணு எண்ணிப் பார்க்க வேண்டும். தைரொய்ட் அளவு சரியானால் தாக்கு நின்றுவிடும். நிரந்தர வழி கதிரியக்க அயோடின் அல்லது அறுவை. பரம்பரையாக வரும் வேறொரு வகைக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு இதில் தாக்கைக் கூட்டக்கூடும்.

மிச்சமிருக்கும் பொட்டாசியம் அட்டையை "கால் உளைவுக்கு நல்லது" என்று தாத்தாவிடம் நீட்ட வேண்டாம். அவர் பிரஷருக்கு எனலாப்ரிலோ லொசாட்டனோ குடிப்பவராக இருந்தால், சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், அவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே மேல்மட்டத்தில் நிற்கக்கூடும்.